மூன்று ராத்தல்

ஒத்திகை விமானத்தில், ஆளுக்குப் பதிலாக வைத்த மணல் மூட்டை இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

காலையில் ஒரு மூட்டை கிழிந்துவிட்டது. அதன் எடை நூற்று அறுபது ராத்தல். அவன் எடையும் அதுவே. பட்டாளத்துச் சமையற்காரன் இளைத்தா இருப்பான்?

ஒத்திகைதானே, நானே ஏறிக்கொள்கிறேன் என்று அவன்தான் கேட்டான். எடை பார்க்கும் ஹவில்தார் சிரித்துக்கொண்டே அவன் சட்டையில் சாக்கட்டியால் 160 என்று எழுதினார்.

"மூட்டை வாயத் திறக்கக் கூடாது, ஆமா."

நாளைக் காலை அவன் தம்பி சவரி இதில் போகிறான். அசாமிலிருந்து மலைகளைத் தாண்டி, பர்மாக் காட்டுக்குள், ஜப்பான்காரனின் முதுகுக்குப் பின்னால். அங்கே மரம் வெட்டி, மேடு திருத்தி, விமானங்கள் இறங்க இடம் பண்ண வேண்டும்.

எஞ்சின் இல்லாத விமானம் எப்படிண்ணே இருக்கும் என்று சவரி ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

சுவரைத் தொட்டுப் பார்த்தான். துணி. விரலால் தட்டினான். தப்பு மேளம் மாதிரி அதிர்ந்தது.

முன்னால் வெள்ளைக்கார பைலட்டின் பிடரி. அதைத் தாண்டிக் கண்ணாடி. கண்ணாடியைத் தாண்டிக் கயிறு. கயிற்றின் அந்தக் கோடியில் எஞ்சின் உள்ள விமானம், மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவன் போல, திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கயிற்றை விட்டு அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பருத்தி இல்லை. தேங்காய் நார் இல்லை. பட்டு போலப் பளபளத்தது, பட்டும் இல்லை. காற்று தூக்கிப் போட்டபோது அது நீண்டது. நீண்டு, மெலிந்து, ஒரு கணம் நூலாகத் தெரிந்து, மறுபடி கயிறானது.

கயிறு நீளுமா?

"அறுந்துபோகாதுங்களா ஐயா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹவில்தார் அவன் காதில் கத்தினார்.

"அதுவா அறாது. பாரந்தான் அறுக்கும். போன வாரம் ஒண்ணு மூங்கில் காட்டுல விழுந்துச்சே, அதுல கிடந்த மூட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்தேன். நான் எழுதின எடை ஒண்ணு, உள்ள இருந்தது ஒண்ணு. ஒருத்தன் நாப்பது தோட்டா கூட வச்சிருக்கான். ஒருத்தன் பால் டின்னு. ஒருத்தன் வெங்காயம்யா, வெங்காயம்! ஒவ்வொருத்தனும் இத்துனூண்டுதானேன்னு வச்சிருக்கான்."

அவன் மறுபடி கயிற்றைப் பார்த்தான்.

இன்று காலை, சவரியின் மூட்டை தராசில் ஏறி இறங்கிய பிறகு, அதன் கம்பளிக்கு அடியில் அவன் ஒரு பொட்டலத்தைச் செருகியிருந்தான்.

கருவாடு. வெல்லம். ஒரு டப்பா புளிக்காய்ச்சல்.

சவரிக்குத் தெரியாது. காட்டில் கம்பளியைப் பிரிக்கும்போது தெரியட்டும் என்று இருந்தான்.

மூன்று ராத்தல். தராசு வேண்டாம், அவன் கைக்குத் தெரியும்.

கயிறு மறுபடி நீண்டது.

பைலட் தலைக்கு மேலிருந்த பிடியை இழுத்தார். கயிறு கழன்று, பாம்பு போல நெளிந்து விலகியது. முன்னால் போன விமானம் தன் இரைச்சலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு ஒன்றுமில்லை.

இவ்வளவு அமைதியை அவன் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

கீழே ஒரு வீட்டுக் கொல்லையில் ஒருவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாலி விழுந்தது. அது மேலே எழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. டொக்.

அவன் அடுத்த கோடாலிக்காகக் காத்திருந்தான்.

டொக்.

தரை வந்தது. பல் கிட்டியது. புழுதி அடங்கியதும் கை கால்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு இறங்கினான். நேரே கூடாரத்துக்கு நடந்தான்.

நாளை போகும் பதின்மூன்று பேரின் மூட்டைகள் வரிசையாக இருந்தன. சவரியினுடையதைப் பிரித்துப் பொட்டலத்தை எடுத்தான். மற்ற பன்னிரண்டையும் பார்த்தான். ஒன்று ஓரத்தில் புடைத்திருந்தது. ஒன்றின் வாரில் அவசர முடிச்சு.

அவற்றைத் தொட அவனுக்கு உரிமையில்லை.

பொட்டலத்தைச் சவரிக்கு இன்றைக்கே தின்னக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். பாதி வழியில் நின்றான்.

வயிற்றில் இருந்தாலும் மூன்று ராத்தல் மூன்று ராத்தல்தானே.

சாயங்காலம், வெயில் இருக்கும்போதே சோறு போட்டார்கள். முதல் ஆளாகச் சவரி தட்டை நீட்டினான்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"சத்தமே இல்லடா. கீழ எவனோ விறகு பொளக்குறான், அது கேக்குது."

"பயமா இல்ல?"

"இல்ல."

பொய்யில்லை. அந்த அமைதியில் பயம் இல்லை. பயம் அதற்கு முன்னால், கயிற்றில் இருந்தது.

ஒரு கரண்டி வைத்தான். தட்டு நகரவில்லை. சவரி என்றைக்கும் மூன்று கரண்டி தின்கிறவன்.

இரண்டாவது கரண்டி அண்டாவுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"என்னண்ணே, இன்னைக்குன்னு பாத்துக் கை இழுக்குது?"

சவரிக்குப் பின்னால் பன்னிரண்டு தட்டுகள். அண்டா நிறையச் சோறு.

அவன் கரண்டியை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான்.

எவ்வளவு இருக்கும் என்று.