விரல் அழுத்திய இடம்

காய்ச்சலில் துவண்டு கிடந்த லித்திகாவின் உள்ளங்காலை நர்ஸ் விஜயகுமாரி அழுத்திவிட்டு விரலை எடுத்தார். வெளுத்த இடம் வெகுநேரம் சிவக்கவே இல்லை.

"கிருமி ரத்தத்துல பரவிகினு கீதும்மா. இப்பவே மருந்து ஏத்தணும்" என்று குழந்தையின் அம்மா துர்காதேவியிடம் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

மருந்து ஏறியது. விஜயகுமாரி அடிக்கடி வந்து அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரமாகச் சிவந்தது.

அவர் வராத நேரத்திலும் யாரோ அழுத்தியதுபோல் அந்த உள்ளங்காலில் விரலளவு இடம் வெளுத்துச் சிவந்தது.

"இன்னா சிஸ்டர், யாரும் தொடாமலே வெளுக்குது?"

"உடனே சிவக்குதா?"

"சிவக்குது."

"அப்போ நல்லதுதான். வுடும்மா."

காய்ச்சல் முழுசாக விட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருப்போரூர் பஸ்ஸில் லித்திகா முறுக்கு கேட்டு அடம்பிடித்து அழுதாள். துர்காதேவிக்கு அந்த அழுகையைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்தது. மடியில் கிடந்த பிஞ்சுக் காலில் மறுபடி வெள்ளை விழுந்தது. விழுந்த வேகத்தில் சிவந்தது. அதற்குப் பிறகு விழவே இல்லை.

பக்கத்து வரிசை சீட்டில் ஒரு பெண்ணின் தோளில் வேறொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொங்கிய அதன் உள்ளங்காலில் அதேபோல் விரலளவு இடம் வெளுத்தது.

துர்காதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

சிவந்தது.