கடைசி முட்டை

கோழிக் கதைன்னதும் நான் கொக்கரக்கோன்னு கூவுவேன்னு காதைத் தீட்டிட்டீங்கல்ல? கூவ மாட்டேன். இது அடைக்கோழி கதை. க்ளக், க்ளக், அவ்வளவுதான்.

மாவு மில்லு மூலையில சாம்பிங்கிற கோழி, ஒத்த முட்டை மேல உக்காந்திருந்துச்சு. கூட வச்ச முட்டையெல்லாம் பொரிஞ்சு ஆறு நாளாச்சு. மில்லு தடதடன்னு ஓடுற சத்தத்துலயும், உள்ளருந்து ஒரு 'கீச்' வராதான்னு கழுத்தை வளைச்சு வளைச்சுக் கேட்டுச்சு.

"அது கூமுட்டை. எந்திரிச்சு வாடி, குஞ்சுங்க பசியில அலையுது"ன்னுச்சு சேவல்.

"இன்னும் கொஞ்ச நேரங்க."

தடதடதட... 'வீப்'... தடதடதட.

"ஏதோ கேட்டுச்சே?"ன்னுச்சு சேவல்.

"மில்லு பெல்ட்டுங்க அது. என் புள்ள குரல் எனக்குத் தெரியாதா? கீச்சுன்னுல்ல கத்தும்!"

கண்ணு கலங்க, சாம்பி ஒரு காலைத் தூக்கி வெளிய வச்சுது. அந்த நேரம் பாத்து கரண்ட்டு போய் மில்லு நின்னுச்சு.

'வீப்.'

"பாருங்க, பெல்ட்டுதான்"னுச்சு சாம்பி.

செவுத்துல பூச்சிக்குக் காத்திருந்த பல்லிக்கு அதுக்கு மேல வாயை அடக்க முடியல.

"கரண்ட்டே இல்ல, எந்தப் பெல்ட்டு கத்தும் அக்கா? உள்ள புள்ள உசுரோடதான் இருக்கு. ஆனா அக்கா, அது வாத்து முட்டை!"