எழுவாய்

பள்ளிச் சுவரில் பதிக்க வேண்டிய பொன்விழாக் கல்லில் கீழ்வரி மட்டும் செதுக்கி முடிந்திருந்தது: ‘இம்மடத்தையும் பள்ளியையும் கட்டினர்.’ மேல்வரியில் ‘பிரான்சிஸ்கன் சபைத் துறவியர்’ என்று வர வேண்டும்.

“கட்டினர் இல்ல ஃபாதர், கட்டுவித்தனர்,” என்றேன். அங்கேயே படித்து அங்கேயே தமிழாசிரியை ஆனவள் நான். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. மலையடியிலிருந்து கல் சுமந்தவர்கள் எங்கள் தெருப் பெண்கள். என் அம்மா சூசையம்மாவுக்கு உச்சந்தலையில் இன்றுவரை முடி முளைக்கவில்லை.

ஃபாதர் பொனவெந்தூர் சிரித்தார். “நாங்க ஏழ்மைக்கு வாக்குக் கொடுத்தவங்கம்மா. பெருமைக்கா போடுறோம்?”

“எங்ககிட்ட யாரும் வாக்குக் கேக்கல ஃபாதர். ஏழ்மை தானா வந்துச்சு.”

“செதுக்கினத அழிக்க முடியாது டீச்சர்,” என்றார் கல்தச்சர்.

“அழிக்க வேணாம். வினை அப்படியே இருக்கட்டும். எழுவாயை மாத்துங்க.”

ஒரு வாக்கியத்தில் எழுவாய் எதுவென்று கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித் தந்தவரே ஃபாதர்தான்.

கல்தச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். ஃபாதர் தலையசைத்ததும் உளியை மேல்வரியில் வைத்து, “பேரச் சொல்லுங்க,” என்றார்.

“சூசையம்மா,” என்று தொடங்கினேன்.