தானாக முளைத்த செடி

"இதை இங்கே வச்சது யாரு?"

செடியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த தாவர நிபுணர் அம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாரும் வைக்கல மேடம். தானா முளைச்சது" என்றாள் திடலை மேற்பார்வை பார்ப்பவள்.

மாநகராட்சித் திடல்களைப் பராமரிப்பது அவள் வேலை. அவற்றில் இந்தத் திடல்தான் அவளுக்கு உயிர். எங்கிருந்தோ வந்து மண்டிய களைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய செடிகளை மட்டும் வளரவிட்டிருந்தாள். பல வருஷப் பாடு. வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. குருவிகள் வந்தன. கூடவே எதிரிலிருந்த அடுக்குமாடிக்காரர்களின் எரிச்சலும் வந்தது. இந்தப் புதரை அழித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். மாநகராட்சியும் தலையாட்டிவிட்டது.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. அழிந்துவரும் செடி ஒன்று தானாக முளைத்திருந்தால், அந்த நிலத்தில் யாரும் கை வைக்க முடியாது. ஊரிலேயே இல்லை என்று எல்லோரும் கைகழுவிவிட்ட ஊதாப் பூச்செடி, கிழக்கு மூலையில் இதோ பூத்து நிற்கிறது. நிபுணர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் திடல் பிழைத்துவிடும்.

"இலையெல்லாம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"வெயிலா இருக்கும் மேடம்."

"இந்த ஊர்ச் செடிக்கு இந்த ஊர் வெயில் புதுசா?" என்றவர் களைக்கொத்தியை எடுத்தார்.

பின்னால் நின்ற தோட்டக்காரர் அவள் காதில் மெல்லக் கிசுகிசுத்தார். "மேடம், அங்க பாருங்க. புகார்ப் பெட்டி வந்தாச்சு."

கல்பெஞ்சில் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அந்த இடம் அவருக்குத்தான். ஒரு மணி நேரம் வண்ணத்துப்பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் போனில் புகார் சொல்லுவார். பாம்பு, கொசு, குப்பை என்று நாளுக்கொன்று.

"வண்ணத்துப்பூச்சி மேலயும் புகார் குடுக்கப் போறார் போல" என்றாள் அவள்.

"அவரைச் சொல்லி என்ன மேடம்? மகன் ரெண்டு கார் வாங்கி வச்சிருக்கான். இவர் கத்தலைன்னா வீட்ல யார் சோறு போடுவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் செடி கண்ணில் பட்டதே அவர் புண்ணியத்தில்தான். 'கிழக்கு மூலையில ஏதோ ஊதாப் பூ பூத்திருக்கு. பிள்ளைங்க கால்ல பட்டா அரிக்கும். உடனே வந்து பாருங்க' என்று போனில் குதித்தார். போய்ப் பார்த்தால் புதையல். மனுஷன் தன் வாயாலேயே தன் கார் நிறுத்தத்துக்கு வேட்டு வைத்துக்கொண்டாரே என்று அன்றைக்கு அவளும் தோட்டக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இங்க வாங்க" என்றார் நிபுணர். குரல் மாறியிருந்தது.

அவர் கொத்திய குழிக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அவர் இழுத்தார். செடி அப்படியே கையோடு வந்தது. அடியில் கிழியாமல் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வேர்கள் போக வழியில்லாமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன.

தோட்டக்காரர் வாயில் கை வைத்தபடி நின்றார்.

"இது எங்க பல்கலைக்கழக நர்சரிப் பை. இந்தச் செடி அடியோட அழிஞ்சிடக் கூடாதேன்னு, வீட்டுத் தொட்டிக்குக் கேக்கறவங்களுக்கு நாங்கதான் கன்னு குடுக்கறோம். அதை வாங்கி இங்க நட்டுட்டு, தானா முளைச்சதுன்னு என்னையே கூப்பிட்டுக் காட்டறீங்க."

"சத்தியமா நான் இல்ல மேடம்."

"வேற யாருக்கு இந்தத் திடல் மேல இவ்வளவு ஆசை?"

அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. "நான் நட்டிருந்தா பையைக் கிழிக்காம நடுவேனா மேடம்? பையோட புதைச்சா வேர் ஓடாது, செடி செத்துப்போகும். எங்க ஆளுங்க ஒருத்தரும் இப்படி நட மாட்டாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருப்பது நிபுணருக்கும் தெரிந்தது.

"அப்போ செடியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க யாரோ வச்சிருக்காங்க. யாரா இருந்தா என்ன? நட்ட செடின்னுதான் நான் எழுத முடியும். திடல் கைவிட்டுப் போச்சு. உங்க வேலையும் என்ன ஆகும்னு தெரியாது."

பிடுங்கிய செடி மண்ணில் கிடந்தது. அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் முடிந்துபோனதை அவளால் நம்ப முடியவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். செயலாளர் வந்து நின்றிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க சார். உங்க ஆசை நிறைவேறிடுச்சு. நாளைக்கே காரைக் கொண்டாந்து நிறுத்திக்கோங்க."

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. மெல்லக் குனிந்து அந்தச் செடியை இரண்டு கையாலும் எடுத்தார். சுருண்டு கிடந்த வேர்களை விரலால் தடவினார்.

"பையைக் கிழிச்சிட்டு நடணும்னு அந்த நர்சரியில யாரும் எனக்குச் சொல்லலையேம்மா" என்றார்.