கூடப் படிக்க ஒரு ஆள்

"ரங்கூன் பூரா பேர் எடுத்த பிசினஸ் ஸ்கூல் கூப்பிடுது. நீ மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில இருக்கிற பிசினஸ் ஸ்கூலுக்குப் போறேங்கிற. ரயில் சத்தத்துல அங்கே பாடமே காதுல விழாது, புள்ள!" மகள் ஸமீராவிடம் ஹாஜரா சத்தம் போட்டாள்.

வேறொரு சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்த ஸமீராவை, இரண்டு இடத்திலும் நேராக மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்.

"பரவாயில்ல உம்மா. அங்கே கூடப் படிக்க ஒரு ஆள் இருக்கு."

ஹாஜரா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு அது? வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். சரின்னுட்டாங்க."

"எனக்குத் தெரியாமலா! பர்மாக்காரனா, நம்ம ஆளா?"

"நம்ம ஆளுதான். எண்பத்தெட்டு கலவரத்துல யுனிவர்சிட்டியை மூடினப்போ ரெண்டு வருஷத்தோட படிப்பு நின்னுபோச்சு. அந்தப் பழைய ரெண்டு வருஷத்தைப் பெரிய ஸ்கூல்ல ஏத்துக்கமாட்டாங்களாம். இங்கே ஏத்துக்கறாங்க."

"எண்பத்தெட்டா? அடிப் பாவி, அந்த ஆளுக்கு என் வயசு இருக்குமே!"

"உங்க வயசேதான், உம்மா. கேட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு பேரும் ஒரே வகுப்பு."

ஹாஜரா அடுப்பை அணைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"வகுப்புல என் பக்கத்துலயே உக்காருவியா?"