ஒரு வாளி பிட்டர்

வாளி சத்தமே காட்டவில்லை.

அவள் மூடியில் காதை வைத்துப் பார்த்தாள். நேற்றும் இப்படித்தான் வைத்துப் பார்த்தாள். மூடியில் செருகிய சின்னக் குழாயில் ஒரு குமிழியாவது கிளம்ப வேண்டும். குழாய்க்குள் நின்ற தண்ணீர் அசையவே இல்லை.

மாடியில் அவள் வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

தொண்டையில் வந்த கட்டியைக் கதிர்வீச்சு கொடுத்துக் கரைத்துவிட்டார்கள். கூடவே நாக்கும் செத்துப்போனது. சோறு சுண்ணாம்பாம். மீன் குழம்பு சேறாம். அவள் எதைத்தான் சமைக்கவில்லை? தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

இன்னும் எடை குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்களாம். குழாய் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

வேண்டாமென்றால் அப்புறம் என்ன என்று டாக்டரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவராக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டார். பிட்டர். இங்கத்திக் கசப்பு பீர்.

கடையில் வாங்கிக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். தான் காய்ச்சுவது போல வேண்டுமாம். ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டு, வாய் கோணுகிற கசப்பில். அந்தக் கசப்பு நாக்கில் ஏறினால் மற்றதெல்லாம் தானாக ஏறும் என்றார்.

டாக்டரிடம் கேட்டாள். ஒரு வாய்தானே, எதையாவது குடிக்கட்டும் என்றார்.

யார்க்‌ஷயருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக் காலினிடம் கற்றுக்கொண்ட வேலை அது. சாத்தூர்க்காரருக்கு வெள்ளைக்காரன் பீர் என்ன கேடு என்று அவள் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காய்ச்சும் நாளில் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

இப்போது அவளே காய்ச்சினாள்.

அவர் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல, மாடிக்கும் அடுப்படிக்குமாக ஏறி இறங்கினாள். மால்ட் என்கிற முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தாள். வடித்ததைக் கொதிக்கவிட்டு ஹாப்ஸைப் போட்டாள். அடுப்பை அணைத்த பிறகு, வாசனைக்கென்று இன்னும் ஒரு பிடி. ஆறவைத்து வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவினாள்.

ஒன்றை மட்டும் அவர் ஓயாமல் சொன்னார். கொதித்து இறக்கிய பிறகு வெறும் கை அதில் படவே கூடாது. கரண்டியானாலும் மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி போதும், மொத்தமும் பாழ்.

சாமி காரியம் மாதிரி செய்தாள்.

செய்து என்ன? ஈஸ்ட் பழையது போலிருக்கிறது. அவர் எப்போதோ வாங்கி வைத்த கடைசிப் பொட்டலம். புதிதுக்குச் சொல்லியிருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, தபால்காரரைக் காணோம்.

வாளியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

இந்தக் குளிரில் ஒன்றைப் புளிக்கவைக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஊரில் இருக்கும் நாலைந்து தமிழ் வீடுகளிலும் இட்லி மாவு பொங்காவிட்டால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். தெய்வானை கை போட்டால் மாவு மூடியைத் தள்ளும் என்று பேர்.

வளையல்களைக் கழற்றி வைத்தாள். கையைக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள்.

மூடியைத் திறந்து இரண்டு கையையும் முழங்கை வரை விட்டாள்.

சில்லென்று இருந்தது. அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே என்று அளாவினாள். பொங்கிவிடு, பொங்கிவிடு என்று அதனிடம் கெஞ்சினாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையில்லை. வாளியைத் தன் கம்பளியால் சுற்றிக் கட்டிவிட்டு, விறைத்துக்கொண்டே தூங்கினாள்.

காலையில் குழாய் குமிழியடித்தது.

பொங்கிவிட்டது என்று மாடியேறிச் சொன்னாள். கை போட்டதைச் சொல்லவில்லை. குமிழி அடங்கியதும் புட்டியில் அடைத்தாள். பதமாகட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் அவருடைய கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் போய், அதைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

அவர் சொன்ன நாள் வந்ததும் ஒரு கிளாஸில் ஊற்றினாள். நிறமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாதிப் படியில் வாடை அவள் மூக்கில் ஏறியது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்க மறந்து புளித்துப்போன மாவின் வாடை.

திரும்பிப் போய்க் கொட்டிவிடலாமா என்று நின்றாள். கொட்டிவிட்டு அவரிடம் என்ன சொல்வது? மறுபடி காய்ச்ச நாள் எங்கே இருக்கிறது?

மேலேயே ஏறினாள். அவள் காலடிச் சத்தத்தை அவர் கேட்டிருந்தார். யாரும் தூக்கிவிடாமல் தானே எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைகூட வாரியிருந்தார்.

கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினார்.

ஒரு வாய் குடித்தார். கண் இறுக மூடிக்கொண்டது. முகம் சுருங்கித் தோள் இரண்டும் காது வரை ஏறின.

கெடுத்துவிட்டேன் என்று அவள் அழத் தொடங்கினாள். கிளாஸைப் பிடுங்கப் போனாள். அவர் விடவில்லை. அந்தக் கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“மாவுக்குப் போடுற மாதிரி கை போட்டியாடி?”

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அவர் திட்டவில்லை. இன்னொரு வாய் குடித்தார். முகம் மறுபடி சுருங்கியது.

கை போட்டது இவருக்கு எப்படித் தெரிந்தது என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நாக்கில் புளிப்பு ஏறியிருக்கிறது.

கண்ணைக்கூடத் துடைக்காமல் கீழே ஓடினாள். டப்பாவைத் திறந்து, கைக்கு வந்த புளியை அப்படியே குழம்புக்கு வெந்நீரில் ஊறப்போட்டாள்.