நான்காவது தாங்கி

காலை ஏழு மணி வெயில் சிப்பிக் குஞ்சு வளர்க்கும் கூடத்தின் தகரக் கூரை இடுக்கால் இறங்கி முதல் தாங்கியின் தண்ணீரில் விழுகிறது. பதினொரு நாளாக அந்த நீரில் புகைபோல மிதந்து திரிந்த சிப்பிக் குஞ்சுகள் இன்று செத்து அடியில் வெண்சாம்பலாகப் படிந்து கிடக்கின்றன. காற்றுக் குழாய்கள் மட்டும் நேற்றைப் போலவே குமிழிகளை விட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது தாங்கியும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். நேற்று மாலை தீன் போட்டுவிட்டுப் போன தயாளினி, கையிலிருக்கும் கண்ணாடிக் குவளையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தபடி நிற்கிறாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை. குருநகர்க் கடலில் சுழியோடித் தாய்ச்சிப்பிகளைத் தேடி எடுத்து வந்த செபநாயகம், வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வர மறந்து நிற்கிறார்.

"எல்லாமே, பிள்ளை?"

"மூண்டு தாங்கியும் அண்ணை. பற்றீரியாக் கிருமி. ஒரே ராவுக்குள்ளை."

அவர் உள்ளே வந்து கடைசித் தாங்கியை எட்டிப் பார்க்கிறார். "நாலாவதிலை ஓடித் திரியுதுகளே."

தயாளினி அதில் ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அவரைப் பார்க்கச் சொல்கிறாள். வெளிச்ச வட்டத்துக்குள் சில குஞ்சுகள் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. நீந்த உதவும் மெல்லிய மயிர்கள் உதிர்ந்து அவற்றின் பக்கத்தில் மிதக்கின்றன.

"நல்லா நீந்துறதுகளும் இருக்கு," என்கிறார் அவர், கண்ணை எடுக்காமல்.

"ஓம். ஆனா இதை அழிக்காமல் விட்டா அடுத்த அறையிலை இருக்கிற தாய்ச்சிப்பிக்கும் தொத்திப்போடும்."

அவள் குளோரின் வாளியைத் தூக்குகிறாள். தாங்கியின் விளிம்பு வரை கொண்டுபோனவள் ஊற்றாமல் உள்ளே நீந்துபவற்றைப் பார்க்கிறாள். செபநாயகம் நிமிர்ந்து வந்து வாளியை வாங்குகிறார். தண்ணீரைப் பார்த்தபடியே, மெதுவாக, கடைசித் துளி வரை அவரே ஊற்றுகிறார்.